உடைந்த பாட்டில்

ஆயர் ஈத்தாம், பினாங்கு
2 மார்ச் 2025

அன்புத் தங்கை பிரமிளாவுக்கு அக்கா எழுதுவது.

நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே நான், மோகனராஜ், மருமகள் எல்லாரும் நலம். இரண்டு நாளைக்கு ஒரு தரம் போனில் பேசுகிறவள் எதற்குத் தபாலில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். சொல்கிறேன். முதலில் உன் ரேடியோவைப் பற்றி.

உன் 'சனிக்கிழமைச் சங்கதி' இப்போது எங்கள் தொழிற்சாலை பஸ்ஸில் ஓடுகிறது. தங்கச்சி மெல்பர்னில் ரேடியோவில் பேசுகிறாள் என்று பஸ் ஓட்டும் ஹபீப் அண்ணனிடம் நான்தான் பெருமையடித்துக்கொண்டேன். திங்கட்கிழமை காலையானால் அவரே அதன் பதிவைப் போனில் எடுத்து ஸ்பீக்கரோடு இணைத்துவிடுகிறார். கடல் பாலம் தாண்டி, புக்கிட் தெங்கா தொழிற்சாலை போய்ச் சேரும்வரை ஆஸ்திரேலியாதான். பதினாறு வயது ஆகாத பிள்ளைகள் ஃபேஸ்புக் பார்க்கக் கூடாது என்று அங்கே சட்டம் வருகிறது என்றாயே, அன்றைக்கு பஸ்ஸே இரண்டு கட்சியாகிவிட்டது. ஐம்பது வயதானால் மலப் பரிசோதனைப் பெட்டியைக் கவர்மென்டே வீட்டுக்கு அனுப்பும், எடுத்துத் தபாலில் திருப்பி அனுப்பவேண்டும் என்றாய். என் பக்கத்து சீட் வடிவம்மாள் அக்கா, "அதைக் கொண்டுபோய் போஸ்ட் ஆபீஸ்ல குடுக்கணுமாலா? எந்த மூஞ்சியோட குடுக்கிறது?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டார்.

நானும் சிரித்தேன். ஆனால் எனக்கும் அப்படி ஒன்று இருக்கிறது பிரமிளா. ஒரு வருஷமாக. தும்மினால், இருமினால், படி இறங்கினால் சிறுநீர் கசிந்துவிடுகிறது. முதலில் சொட்டுதான். இப்போது அப்படியில்லை. பாலத்தில் பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டால் நான் சாமியைக் கூப்பிடாத நாளில்லை. காலையில் எழுந்ததிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. சீட்டில் உட்காரும்முன் பிளாஸ்டிக் பையை மடித்துத் துண்டுக்குள் வைத்துப் போட்டுக்கொள்கிறேன். முதுகு வலிக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

இதை வாயால் சொல்ல வரவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் மருமகள் கண்ணில் படும், என் போனில் எதுவானாலும் அவள்தான் பார்த்துத் தருவாள். அதனால்தான் தபால். அங்கே டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுது. போனில் இதைப் பற்றி வாய் திறக்காதே.

உன் அக்கா
ஜெகதீஸ்வரி


மெல்பர்ன்
19 மார்ச் 2025

என் அருமை அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் காரிலேயே உட்கார்ந்து படித்தேன். வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. நீங்கள் சொன்னபடி யாருக்கும் தெரியாது.

அக்கா, முதலில் தண்ணீர் குடியுங்கள். குடிக்காமல் இருந்தால் சிறுநீர் கெட்டியாகிச் சிறுநீர்ப்பை இன்னும் எரிச்சலாகும், கிருமியும் தொற்றும். இது வெட்கப்படவேண்டிய வியாதியே இல்லை. பிரசவத்துக்குப் பிறகும் மாதவிலக்கு நிற்கும் வயதிலும் இடுப்புக்கு அடியில் இருக்கும் தசை தளர்ந்துபோகிறது, அவ்வளவுதான். இங்கே ஊர்ப்பட்ட பெண்களுக்கு இருக்கிறது. இதற்கென்றே பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார்கள். சிறுநீரைப் பாதியில் அடக்குகிற மாதிரி அந்தத் தசையை இறுக்கிப் பிடித்து, மெல்ல விடவேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு தரமாவது டாக்டரிடம் காட்டுங்கள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியிலும் இந்தப் பிரிவு இருக்கும்.

நம் பெண்கள் ஏன் இப்படி இருக்கிறோம் அக்கா? பல் வலி என்றால் ஊருக்கே சொல்கிறோம். இதை மட்டும் மூடி வைக்கிறோம். நீங்கள் ஒரு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்ததை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நிகழ்ச்சியில் இதைப் பற்றி ஒருநாள் பேசவேண்டும் என்று ரொம்ப நாளாக யோசனை. வெயில், வீட்டு வாடகை, நடைப்பயிற்சி என்று எத்தனை நாள்தான் பேசுவது? பேசட்டுமா?

பதில் போடுங்கள்.

என்றும் உங்கள்
பிரமிளா


ஆயர் ஈத்தாம்
8 ஏப்ரல் 2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. அன்றைக்கே அடக்கி வைத்திருந்த தண்ணீரையெல்லாம் குடித்தேன். நீ சொன்ன பயிற்சியை பஸ்ஸில் செய்து பார்த்தேன். வடிவம்மாள் அக்கா என் முகத்தைப் பார்த்து, "என்னா ஜெகா, வயித்து வலியா?" என்றார். தசையை இறுக்கும்போது முகத்தையும் சேர்த்து இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது.

டாக்டரிடம் இன்னும் போகவில்லை. திட்டாதே. தீபாவளிக்குள் போய்விடுகிறேன்.

ரேடியோவில் பேசுவதைக் கேட்டிருந்தாய். நல்ல காரியம்தானே, பேசு. என்னைப் போல் எத்தனை பேர் இருப்பார்கள். பொதுவாகப் பேசு.

உன்னிடம் சொன்ன பிறகு மனசு எவ்வளவு லேசாகிவிட்டது தெரியுமா. அம்மா இருந்திருந்தால் அவளிடம்கூட இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

அக்கா
ஜெகதீஸ்வரி


7 மே 2025

பிரமிளா,

திங்கட்கிழமை பஸ்ஸில் நடந்ததை எழுதுகிறேன். உனக்குத் தெரியவேண்டும்.

பாலத்துக்கு ஏறுவதற்கு முன்பே ஹபீப் அண்ணன் உன் நிகழ்ச்சியைப் போட்டுவிட்டார். நீ வணக்கம் சொன்னதும் வடிவம்மாள் அக்கா என் தொடையைத் தட்டி, "ஒன் தங்கச்சி வந்துட்டா" என்றார். சிறுநீர்க் கசிவு என்று நீ தொடங்கினாய். பொதுவாகத்தானே பேசுவாள் என்று தைரியமாக இருந்தேன்.

"எங்க அக்கா பினாங்குல இருக்காங்க. பேர் வேணாம்" என்றாய். பேர் எதற்கு? அந்த பஸ்ஸில் உனக்கு எத்தனை அக்கா இருக்கிறார்கள்?

பிளாஸ்டிக் பையையும் துண்டையும் சொன்னாய். பாலத்தில் நான் சாமியைக் கூப்பிடுவதைச் சொன்னாய். என் குரலை மாதிரியே இழுத்துப் பேசியும் காட்டினாய். பிறகு சூப்பர்மார்க்கெட் கதை. அக்கா பணம் கட்டுகிற வரிசையில் நிற்கும்போது தும்மல் வந்ததாம், தரையெல்லாம் நனைந்துவிட்டதாம், அதை மறைக்கக் கூடையிலிருந்த ஆப்பிள் ஜூஸ் பாட்டிலை வேண்டுமென்றே கீழே போட்டு உடைத்தாளாம். உன்னோடு பேசிக்கொண்டிருந்த அந்த டாக்டரம்மா சிரித்தார். பஸ்ஸிலும் பின் சீட்டில் இருந்த சின்னப் பெண்கள் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன் பிரமிளா. எல்லாரையும் விடச் சத்தமாக. அது நானில்லை என்று காட்டுவதற்கு. சிரித்த சிரிப்பில் உடம்பு குலுங்கி, அங்கேயே ஆகிவிட்டது.

அதன் பிறகுதான் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். வடிவம்மாள் அக்கா குனிந்து என் சீட்டிலிருந்த துண்டைப் பார்த்தார். உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹபீப் அண்ணன் ஸ்பீக்கரை அணைத்தார். பாலத்தின் நடுவில் அவ்வளவு பெரிய பஸ்ஸில் எஞ்சின் சத்தம் மட்டும். தொழிற்சாலையில் எங்களை மேற்பார்க்கும் லைன் லீடர் நோர்மாவுக்குத் தமிழ் தெரியாது. "ஏன் அணைச்சிட்டாங்க? என்ன சொன்னாங்க?" என்று என்னிடமே மலாயில் கேட்டாள். சமையல் குறிப்பு என்றேன்.

இறங்கும்போது எல்லாரும் எனக்கு வழிவிட்டு நின்றார்கள். துண்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு அத்தனை பேருக்கும் முன்னால் நடந்து இறங்கினேன்.

பஸ்ஸுக்கு உன் நிகழ்ச்சியைக் கொண்டுவந்தது நான். உன்னைப் பற்றிப் பெருமை பேசியது நான். யாரைக் குறை சொல்வது?

ஜெகதீஸ்வரி


மெல்பர்ன்
24 மே 2025

அன்புள்ள அக்கா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. மோகனராஜ் எடுத்து, அம்மா தூங்குகிறார்கள் என்றான். பகல் பன்னிரண்டு மணிக்கு.

நான் செய்தது தப்பு. பேர் சொல்லாவிட்டால் போதும் என்று நினைத்தேன். பஸ்ஸை மறந்துவிட்டேன். ஸ்டூடியோவில் உட்கார்ந்தால் எதிரில் சுவர்தான் தெரிகிறது அக்கா, கேட்கிறவர் முகம் தெரிவதில்லை. அந்தத் தலைப்பை அறிவித்ததும் ஒரு போன்கூட வரவில்லை. எப்போதும் முந்திக்கொண்டு பேசுகிறவர்கள்கூட வரவில்லை. டாக்டர் என்னைப் பார்க்கிறார். மௌனம் நீண்டுகொண்டே போகிறது. அப்போதுதான் "எங்க அக்கா" என்று ஆரம்பித்தேன். அதன் பிறகு போன் வந்துகொண்டே இருந்தது. பாட்டி வயதில் ஒரு அம்மா, நாற்பது வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை என்று அழுதார். அதைக் காரணமாகச் சொல்லவில்லை. ஆனால் உங்களால் அவ்வளவு பேருக்கு நல்லது நடந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

அந்த ஒலிப்பதிவை எடுத்துவிட்டேன். போன சனிக்கிழமை நிகழ்ச்சியிலேயே மன்னிப்பும் கேட்டேன். "என் அக்காவின் அந்தரங்கத்தை அவர் அனுமதியில்லாமல் சொல்லிவிட்டேன், அக்கா என்னை மன்னிக்கவேண்டும்" என்று எல்லாரும் கேட்கச் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள்
பிரமிளா


ஆயர் ஈத்தாம்
10 ஜூன் 2025

பிரமிளாவுக்கு,

உன் மன்னிப்பையும் கேட்டேன். நான் கேட்டேன் என்பதைவிட மருமகள் கேட்டாள். சின்னத்தை ரேடியோவில் அழுகிறார்களே, என்ன அந்தரங்கம் என்று தன் தோழிகளிடம் விசாரித்தாள். யாரோ பழைய பதிவை வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸோடு நின்றிருந்தது. உன் மன்னிப்புதான் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தது.

மருமகள் நல்ல பெண். ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், நான் வழக்கமாக உட்காரும் சோபாவில் மட்டும் கனமான விரிப்பு போட்டிருந்தாள். பூப்போட்ட புது விரிப்பு. "அழகா இருக்கேன்னு வாங்கினேன் அத்தை" என்றாள். அன்றிலிருந்து நான் சோபாவில் உட்காருவதில்லை. சமையலறையில் முக்காலி போட்டுக்கொள்கிறேன்.

ஹபீப் அண்ணன் இப்போது தினமும் பாலத்துக்கு முன்னால் இருக்கிற பெட்ரோல் நிலையத்தில் பஸ்ஸை நிறுத்துகிறார். "டயர் பாக்கணும், யாராச்சும் தண்டாஸ், டாய்லெட்டு போறதுன்னா போயிட்டு வாங்க" என்று பொதுவாகச் சொல்கிறார். ஒரு டயரையும் அவர் பார்ப்பதில்லை. இறங்கினால் எனக்காக நிறுத்தினார் என்று ஆகும். இறங்காவிட்டால் அவர் நிறுத்தியது வீணாகும். நான் இறங்குகிறேன். என் பின்னாலேயே வடிவம்மாள் அக்காவும் இறங்குகிறார். அவருக்கு வேண்டியிருக்காது, எனக்குத் துணைக்கு. கேலி செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். இந்த இரக்கத்தை என்ன செய்வது?

இன்னொன்று கேட்கவேண்டும். பஸ்ஸில் இருந்த பதற்றத்தில் அன்றைக்குத் தோன்றவில்லை. நான் எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் பாட்டிலை உடைக்கவில்லை. ஆப்பிள் ஜூஸ் நம் வீட்டில் யாரும் குடிப்பதுமில்லை. என் கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை.

சுவைக்காகச் சேர்த்தாயா என்று முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். கண்ணாடி சிதறி ஜூஸ் செருப்புக்குள் போய்ப் பிசுபிசுவென்று ஒட்டியது என்றாய். வீட்டுக்குப் போகும்வரை அந்தச் செருப்போடுதான் நடக்கவேண்டியிருந்தது என்றாய். இதையெல்லாம் கற்பனை செய்கிறவள் இல்லை நீ. பள்ளிக்கூடத்தில்கூடக் கட்டுரைக்கு என்னிடம்தான் வருவாய்.

அது யாருடையது பிரமிளா?

ஜெகதீஸ்வரி


மெல்பர்ன்
2 செப்டம்பர் 2025

அக்கா,

உங்கள் கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேலாகிவிட்டது. எத்தனையோ தரம் எழுத உட்கார்ந்தேன்.

அது என்னுடையது.

போன வருஷம் பள்ளி விடுமுறை சமயம். வீட்டுக்குப் பக்கத்துக் கடைதான், என்னைத் தெரிந்தவர்கள் வருகிற கடை. எனக்குப் பின்னால் வரிசையில் இங்கே எங்கள் கோயிலுக்கு வருகிறவர்களே இரண்டு பேர். தும்மல் வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வெளிர் நிறக் கால்சட்டை. கை தானாக பாட்டிலை எடுத்துப் போட்டுவிட்டது. கடையில் வேலை செய்கிற பெண் ஓடிவந்து என் காலடியில் மண்டியிட்டாள். "உங்கள் காலில் கண்ணாடி குத்தவில்லையே, நீங்கள் நகராதீர்கள், நான் துடைக்கிறேன்" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஜூஸ் என்று நினைத்து அவள் கையால் எல்லாவற்றையும் துடைத்தாள். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகு அந்தக் கடைக்குப் போகவில்லை. வீட்டில் கேட்டால் அங்கே காய்கறி நன்றாக இல்லை என்கிறேன்.

உங்கள் முதல் கடிதம் வந்தபோது, 'எனக்கும்தான் அக்கா' என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுத நினைத்தேன், எழுதவில்லை. வெட்கப்படவேண்டிய வியாதி இல்லை என்று உங்களுக்கு எழுதியவள், அந்தப் பேப்பரை மடிக்கும்போதே கால்களை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களைத் திட்டினேனே, ஒரு வருஷம் வாயைத் திறக்கவில்லை என்று. நான் எந்த டாக்டரிடமும் போகவில்லை. நிகழ்ச்சிக்கு வந்த டாக்டரம்மா என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். ஒலிவாங்கியை அணைத்துவிட்டுக் கேட்டிருந்தாலே போதும். கேட்கவில்லை.

அந்த மௌனத்தில் 'எனக்கு' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன் அக்கா. 'எங்க அக்காவுக்கு' என்று வந்துவிட்டது. அது வந்ததும் எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா. உங்களுடையதைச் சொல்லி முடித்ததும் என்னுடையதையும் உங்கள் தலையில் வைத்துவிட்டேன். பெரிய அசிங்கத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. சிரித்துக்கொண்டே சொன்னேன்.

இரண்டு சனிக்கிழமை ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்து உண்மையைச் சொல்லப் பார்த்தேன். ஒரு நாள் புதிய மின்சாரக் கட்டணத்தைப் பற்றிப் பேசினேன். இன்னொரு நாள் வெயிலுக்குப் பூசுகிற கிரீமைப் பற்றி. இப்போது நிகழ்ச்சியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். குடும்ப வேலை அதிகம் என்று சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் ஹபீப் அண்ணனிடமும் பஸ்ஸிலும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். பாட்டில் உடைத்தது என் தங்கை என்று சொல்லுங்கள். நான் சொல்லவேண்டியது. என்னால் முடியவில்லை.

டிசம்பரில் வருவதாக இருந்தேன். வேண்டாம் என்றால் வரவில்லை.

பிரமிளா


ஆயர் ஈத்தாம்
26 அக்டோபர் 2025

பிரமிளாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். மறுநாள் மறுபடியும் எடுத்துப் படித்தேன். அப்போதும் கோபம் குறையவில்லை. உனக்கும் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தால், அந்த ஒரு வரியை நீ எழுதியிருந்தால், நான் எவ்வளவு நிம்மதியாக இருந்திருப்பேன். அதைக் கொடுக்கவில்லை. பதிலுக்கு என்னிடம் இருந்ததையும் எடுத்துக்கொண்டாய். இதை எழுதாமல் மற்றதை எழுதினால் பொய்யாகிவிடும்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பெட்ரோல் நிலையத்தில் இறங்கும்போது வடிவம்மாள் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஜெகா, தப்பா நெனைக்காத. அந்த பாட்டில் ஒடச்சது நெசந்தானா?"

என் கைப்பையில் உன் கடிதம் இருந்தது. சொல்லியிருக்கலாம். நீயே சொல்லச் சொல்லியிருந்தாய். சொல்லியிருந்தால் போன மானத்தில் பாதியாவது திரும்பியிருக்கும்.

"ஆமாக்கா. நான்தான் ஒடச்சேன்" என்றேன்.

அவர் பிடித்த கையை விடவில்லை. "எனக்கு அந்தப் புத்தி வரலியே. கல்யாண வீட்டுல மழையில நின்னு நனைஞ்சிட்டு வந்தேன்லா நான்" என்றார். அவருக்கும்தானாம். எனக்குத் துணைக்கு இறங்குகிறார் என்று நினைத்திருந்தேன். அந்த டாய்லெட் வாசலில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பதற்குப் பயமாகவும் இருந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. உன் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் நடந்து இறங்கினேனே, அந்த நடை உனக்கு வேண்டாம் என்று தோன்றியது.

அவரும் நானும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிசியோதெரபிஸ்ட் ஒரு மலாய்ப் பெண், சலேஹா என்று பேர். என் மோகனராஜ் வயதுதான் இருக்கும். படுக்க வைத்து, வயிற்றில் கை வைத்து, எங்கே இறுக்கவேண்டும் என்று காட்டினாள். நீ சொல்லி நான் இத்தனை நாள் செய்ததெல்லாம் தப்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்திருக்கிறேன். மூச்சை விட்டபடியே செய்யவேண்டுமாம். சரியாகிவிடும் என்று சத்தியம் செய்யவில்லை, குறையும் என்றாள். கொஞ்சம் குறைந்திருக்கிறது.

நீயும் போ. யாரிடமும் சொல்லவேண்டாம், ரேடியோவில் சொல்லவேண்டாம், டாக்டரிடம் மட்டும் சொல். போய்விட்டு வந்து எனக்கு எழுது. போன் இப்போதைக்கு வேண்டாம். உன் குரலைக் கேட்டால் எனக்கு அந்தத் திங்கட்கிழமைதான் வருகிறது. எப்போது மாறும் என்று தெரியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன், அந்த வார்த்தை வரவில்லை. வராததை எழுதவில்லை.

ஆனால் டிசம்பரில் நீ வரவேண்டும். என் அறையிலேயே படுத்துக்கொள். மருமகள் அந்தப் பூப்போட்ட விரிப்பைப் பற்றி உன்னிடம் ஏதாவது சொன்னால், அழகாயிருக்கிறது என்று சொல்லிவிடு.

ஏர்போர்ட்டுக்கு மோகனராஜோடு நானும் வருவேன். விமானத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து வருவாய், சாயங்கால நேரத்தில் சாலையெல்லாம் நெரிசலாக இருக்கும். வழியில் எங்கேயாவது நிறுத்தவேண்டுமென்றால் என் கையை அமுக்கு. எனக்குத்தான் அவசரம் என்று மோகனராஜிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா